‘ரெண்டு கட்டை’ வெளிவந்துவிட்டது: கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் பாட்டுத் தொகுப்பு ‘ரெண்டு கட்டை’ போன வாரம் வெளிவந்துவிட்டது. மொத்தம் எட்டுப் பாட்டு. எங்கள் பழைய ராக் குழுவின் கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், இப்போது ஐம்பதைத் தொடுகிறவர்கள், ‘இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீங்கண்ணா’ என்று ஃபோன் செய்து கேட்கிறார்கள். அதற்கான பதிலைப் பாட்டுகளிலேயே வைத்திருக்கிறேன். இந்த மடல் வேறொரு கடமைக்காக.

அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு எனக்கிருக்கும் குரலை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டு, அதற்குத் தக்கபடி தங்கள் வாத்தியத்தையும் வேலையையும் வருமானத்தையும்கூட மாற்றிக்கொண்டவர்கள் பென்னாகரத்திலிருந்து ஓசூர் வரை இருக்கிறார்கள். பாடியவர்கள், வாசித்தவர்கள் பெயரெல்லாம் உள்ளட்டையில் முறையாக அச்சாகியிருக்கிறது. பொதுவில் போடும் மடலில் பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் இங்கே உறவுமுறை சொல்லியே எழுதுகிறேன். படிக்கும்போது அவரவர்க்குத் தெரியும்.

முதலில் கூத்து வாத்தியார் ஐயா. தொண்ணூறுகளில் மின் கிதாரோடு நாங்கள் மேடையேறிய காலத்தில் நான் நாலு கட்டையில் பாடினேன். கட்டை என்பது பாடும் சுருதியின் உயரம். நடுவில் பாட்டை விட்டுப் பிழைப்பைப் பார்த்தேன். ஊர் திரும்பி மறுபடி பாட உட்கார்ந்தபோது, நாலு கட்டையில் பஞ்சமத்துக்கு மேலே குரல் ஏறவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு விருத்தத்தின் மெட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஐயா வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் பாடச் சொல்லிக் கேட்டார். ‘கட்டையை இறக்குப்பா. அர்ச்சுனன் வேஷம் கட்டினவன் வயசானா திருதராட்டிரன் கட்டறதில்லையா? அவனும் ராஜாதானே’ என்றார். ஆர்மோனியக்காரரைக் கூப்பிட்டு ரெண்டு கட்டையில் சுருதி பிடிக்கச் சொல்லி, அந்தத் திண்ணையிலேயே பாடவைத்தார். தொகுப்பின் பெயர் அங்கேயே முடிவாகிவிட்டது.

ஐயா அதோடு நிற்கவில்லை. கூத்தில் பின்பாட்டு என்று உண்டு. வேஷக்காரர் ஒரு அடியைப் பாடி விட்டால், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் வேஷக்காரர் அடவு போடுவார், மூச்சு வாங்கிக்கொள்வார். திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் ராத்திரி தொடங்கி விடிகிறவரை, தலையில் கிரீடத்தையும் தோளில் புஜகீர்த்தியையும் சுமந்துகொண்டு ஒரு மனுஷன் பாட முடிகிறதென்றால், அதில் பாதி பின்பாட்டின் புண்ணியம். ஐயா தம் குழுவிலிருந்து பின்பாட்டுக்காரர்களையே அனுப்பிவைத்தார். ராக் குழுவில் கோரஸ் பாடுகிறவர்கள் பாடகரோடு சேர்ந்து பாடிப் பழகியவர்கள். இவர்களோ நான் விட்ட இடத்தில் வாங்கினார்கள். மூன்றாவது பாட்டில், வரி முடிவதற்குள் எனக்கு மூச்சு தீர்ந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அவர்கள் குரல் எழும்புவதைக் கேளுங்கள். இந்தத் தொகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

ஆர்மோனியக்காரருக்கும், நாதஸ்வரம்போல ஊதி வாசிக்கும் சின்னக் கருவியான முகவீணையை வாசித்தவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கூத்து ஆர்மோனியம் பழசு, அதன் சுருதி இன்றைய கிதார் டியூனரோடு ஒத்துவராது. அதை மாற்ற முடியாது, கிதார் கம்பியைத்தான் அதற்குச் சேர்க்க வேண்டும். கிதாரின் ஆறாவது கம்பியை ‘ஈ’யிலிருந்து ‘டி’க்கு இறக்கினால் ரெண்டு கட்டை ஆதார சட்ஜம் அடியில் நின்றுவிடும். அப்புறம் அதை ஆர்மோனியத்தின் சுருதிக்கு ஒரு நூல் இழுத்தோ தளர்த்தியோ சேர்ப்பது. முகவீணைக்காரர் பாடு இதைவிடக் கஷ்டம். காலமெல்லாம் மேல் கட்டையில் வாசித்த கருவி அது. சீவாளியைச் சரிசெய்தும் விரலை மாற்றிப் பிடித்தும், எனக்காக அந்த வயதில் புதிதாகப் பழகினார். இரண்டு பேருக்கும் கும்பிடு.

இனி பாலக்கோட்டுப் பக்கத்து அக்கா. இவரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது.

ஒலிப்பதிவுக்கு முதலில் நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பேசினோம். பறையை உள்ளே கொண்டுவர வேண்டாம், கம்ப்யூட்டரில் இருக்கும் பறைச் சத்தத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பறை நுழையக் கூடாத இடத்தில் எனக்கு என்ன வேலை? திரும்பி வந்துவிட்டோம். இதைக் கேள்விப்பட்ட அக்கா, தம் பட்டுப்புழு வளர்ப்பு மனையைக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் பட்டு வளர்ப்பவர்களுக்கு இதன் கனம் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டுவதற்கு ஏறக்குறைய 25 நாள். கூட்டைத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோய் விற்ற பிறகு மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்து, அடுத்த முட்டையை வைப்பார்கள். அந்த இடைவெளி சில நாள்தான். எங்களுக்கு அது போதவில்லை. கூத்துக்காரர்கள் ஓய்வாக இருப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழைக்காலத்தில் அக்கா ஒரு வளர்ப்பை அப்படியே தள்ளிவைத்தார். மல்பெரித் தழை செடியிலேயே முற்றிப்போனது. அதில் கொஞ்சம் மாட்டுக்குப் போனது, மீதி வீண். ஒரு வளர்ப்பின் வருமானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, வாடகைப் பேச்சை எடுத்தாலே ‘போங்க தம்பி’ என்று அடுப்படிக்குள் போய்விடுவார்.

பிளீச்சிங் நெடி தொண்டையைப் பிடிக்கும் என்று, நாங்கள் வருவதற்கு முன்பே ஜன்னல் வலைகளைக் கழற்றிவிட்டுக் காற்றாட வைத்திருந்தார். வெறும் மனையில் கைதட்டினால் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. பரணில் கிடந்த மூங்கில் சந்திரிகைகளை, அதாவது புழு கூடு கட்டுவதற்காக வளையம் வளையமாகப் பின்னிய பெரிய தட்டுகளை, அக்காவே எடுத்துக் கொடுத்தார். சுவர் முழுக்க அவற்றை மாட்டி, இடையிடையே கோணிச் சாக்கைத் தொங்கவிட்டதும் எதிரொலி அடங்கிவிட்டது. பாட்டுகளில் குரலைச் சுற்றி மெல்லிய ஈரம்போல ஒரு சத்தம் இருக்கிறதே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மெஷினில் சேர்த்தது ஒன்றுமில்லை. அது அக்காவின் மனை.

பறை வாசித்த தம்பிகள் தருமபுரிக்குப் பக்கத்திலிருந்து வந்தார்கள். மழைக்காலத்தில் தோல் நொய்ந்துவிடும், காய்ச்சினால்தான் அந்தக் ‘கணீர்’ வரும். வைக்கோலைக் கொளுத்தி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துப் பதம் வந்ததும் ஓடிவந்து வாசிப்பார்கள். பாட்டு முடிவதற்குள் மறுபடி தோல் இறங்கத் தொடங்கும். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு நெருப்பை அணையாமல் காத்த சின்னத்தம்பிக்கு என் தனி அன்பு. பறையும் என் குரலும் ஒரே அறையில் இருந்தால் என் குரல் காணாமல் போய்விடும். ஆனால் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்ட எனக்கு மனமில்லை. அதனால் அவர்கள் வெளியே புங்க மரத்தடியில் தகரக் கூரை போட்டு நின்றார்கள், நான் உள்ளே நின்றேன். ஜன்னல் வழியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் எல்லாப் பாட்டையும் பதிவு செய்தோம். பறை அடிக்கும் சிம்புக்குச்சியின் வீச்சை நான் பார்க்க வேண்டும், என் தோள் ஏறி இறங்குவதை அவர்கள் பார்க்க வேண்டும். எனக்கு மூச்சு முட்டுகிற இடங்களில் அடியைக் குறைத்து வழிவிட்டார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பம்பை வாசித்த அண்ணனுக்கு வேறு வகையில் கடன்பட்டிருக்கிறேன். ஒன்று மரம், ஒன்று வெண்கலம் என்று இரண்டையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் நின்றாலே இடம் நிறைந்துவிடும். வந்த அன்றைக்கே ஒன்று சொல்லிவிட்டார்: ‘எல்லா அடியும் வாசிக்கிறேன். சாமி அழைக்கிற அடியை மட்டும் கேக்காதீங்க. அது கோயில்ல வாசிக்கிறது.’ ஐந்தாவது பாட்டுக்கு அந்த அடியைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். அவர் அதற்குப் பதிலாக ஒரு நடையை வாசித்துக் காட்டினார், பாட்டு அந்த நடைக்கே திரும்பிவிட்டது. எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதில் இவ்வளவு தெளிவாக இருக்கும் கலைஞர்களைப் பெங்களூரிலும் சென்னையிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒலிப்பதிவு செய்த தம்பி கிருஷ்ணகிரிக்காரர். வாரநாளில் ஓசூரில் வேலை, சனி ஞாயிறு எங்களோடு. நாலைந்து மைக், ஒரு லேப்டாப், கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு இன்வெர்ட்டர். தாளம் பிசகாமலிருக்கக் காதில் தட்டிக்கொண்டேயிருக்கும் கிளிக் டிராக் வேண்டாம் என்று முடிவெடுத்தது அவர்தான். கூத்துப் பாட்டு விருத்தத்தில் நிதானமாக நிற்கும், தருவில் ஓடும். அதை நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்று கட்டிப்போட முடியாது என்பது அந்த வயதில் அவருக்குப் புரிந்திருந்தது. கலவை செய்யும்போது, என் குரல் சுருதியில் லேசாகத் தளர்கிற இடங்களை மெஷினால் சரிசெய்துவிடலாமா என்று நானே கேட்டேன். ‘செய்யலாம்ணா. அப்புறம் அது நீங்க பாடினதா இருக்காது’ என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இன்று கேட்கும்போது அந்தத் தம்பியின் பிடிவாதத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

குரல் பயிற்சி தந்த சேலத்து அம்மாவையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வயதாக ஆகக் குரல்நாண் மெலிவதும் மேல் ஸ்தாயி குறைவதும் இயற்கை, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று விளக்கியவர். டம்ளரில் தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவை அதில் விட்டுக் குமிழி வரும்படி ஊதிக்கொண்டே ராகம் இழுக்கும் பயிற்சியைத் தந்தார். குரல் கட்டிப்போன பாடகர்களும் ஆசிரியர்களும் முறையாகக் கற்றுக்கொண்டு செய்து பாருங்கள்.

இரண்டாவது பாட்டும் ஆறாவது பாட்டும் பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தந்த மெட்டு. ஒன்று களையெடுக்கும்போது பாடுவது, மற்றது தம் தாய்க்கு அவர் பாடிய ஒப்பாரி. ஒப்பாரியைக் கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே ‘இதையும் எழுதிக்கோ, எனக்கப்புறம் யாரு பாடப் போறா’ என்று பாடிக் காட்டினார். இப்படிப்பட்ட மெட்டை எடுத்துப் பாடுகிறவர்கள் ‘மரபுப் பாடல்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமை உறுதியாகியிருக்கிறது. ஆனால் வயலில் நின்று பாடிய அம்மாவின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இருப்பதில்லையே. என் வக்கீல் தங்கச்சி இதற்காக ஓர் ஒப்பந்தம் எழுதினார். எளிய தமிழில் எழுதி, பாட்டி வீட்டுக்கே போய், மகன், மருமகள், பேத்தி எல்லாரையும் உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். அந்த இரண்டு பாட்டிலும் மெட்டு என்ற இடத்தில் பாட்டியின் பெயர் இருக்கிறது, வருமானத்தில் பங்கும் இருக்கிறது. ஒரு பைசா வாங்காமல் இதைச் செய்த தங்கச்சிக்கு நன்றி. நாட்டுப்புற மெட்டை எடுத்து வேலை செய்யும் இளைஞர்கள் கேட்டால் அந்த ஒப்பந்தத்தின் நகலைத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அவசியம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாட்டைப் பற்றி.

எங்கள் குழுவின் டிரம்மர் இப்போது இல்லை. பறை அடியை டிரம் செட்டில் வாசித்துக் காட்டியவன், என் சிநேகிதன். ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் அவனுடைய அப்பா வாசித்த அடிகளை, கால் டிரம்முக்கும் ஸ்நேருக்கும் பிரித்துப் போட்டு வாசிப்பான். அவனுடைய மனைவி, எனக்குத் தங்கை முறை, அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த ஒரு ஒத்திகை கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ‘அண்ணா, அவரும் இதுல வாசிக்கட்டும்’ என்றார்.

கேசட் ஓடவில்லை. கிருஷ்ணகிரியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொண்டுபோனேன். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தவர், டேப்பைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னப் பஞ்சு பசை விட்டு உதிர்ந்திருப்பதைக் காட்டினார். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. வேறொரு நல்ல கேசட்டின் கூட்டைத் திறந்து, நாடாச் சுருளை அப்படியே தூக்கி அதில் வைத்து மூடினார். பிறகு மென்மையான துணியில் நாடாவை ஓடவிட்டுத் துடைத்தார். ஒரு மாலைப்பொழுது முழுக்க வேறு வேலையைத் தொடவில்லை. ஓடவிட்டதும் இரைச்சலுக்கு நடுவே அவன் குச்சியைத் தட்டி எண்ணுவது கேட்டது. தங்கை எதுவும் பேசவில்லை, திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

அந்த ஒத்திகையில் என் குரல் இல்லை, கிதார் இல்லை, அவன் தனியாக அடித்துப் பார்த்த பகுதி அது. டிரம்முக்குக் கட்டை கிடையாது. அதனால் அன்றைக்கு நாலு கட்டைப் பாட்டுக்காக அவன் வாசித்ததற்கு மேலேயே இன்றைக்கு ரெண்டு கட்டையில் என்னால் பாட முடிந்தது. எட்டாவது பாட்டில் நீங்கள் கேட்பது அவன் வாசிப்பு. சம்மதம் தந்த தங்கைக்கும், நாடாவைப் பிழைக்கவைத்த பெரியவருக்கும் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

குழுவின் மற்ற இரண்டு நண்பர்களும், சேர்ந்து செய்த பழைய பாட்டுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். பேஸ் வாசித்தவன் இப்போது காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறான். பெங்களூரா மாங்காய் அறுவடை முடிந்து கூழ் ஃபேக்டரிக்கு லோடு போன பிறகுதான் அவனுக்கு நாள் வரும். வந்து இரண்டு பாட்டுக்கு வாசித்துக் கொடுத்தான்.

எங்களையெல்லாம் இந்தப் பாதையில் தள்ளிவிட்ட பெங்களூர் கேசட் கடை அண்ணன் எங்கே இருந்தாலும் இந்த நன்றி அவருக்குப் போய்ச் சேரட்டும். வேலைக்குப் போன ஊரில், காசில்லாத பையன்களை நிற்கவைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டியவர் அவர். 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின் கிதாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டதை அவர்தான் சொன்னார். அதே 1965-இல், அக்டோபர் 2-ஆம் தேதி, சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எங்களுக்கு அதில் ஒரு பெருமை. எழுபதுகளில் கொல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலி என்ற குழு, வங்காளத்து நாட்டுப்புறப் பாட்டான பாவுல் பாட்டையும் கிதாரையும் ஒன்றாக்கியதையும், 1990-இல் டெல்லியில் இந்தியன் ஓஷன் குழு தொடங்கியதையும் அவர் வாயால்தான் கேட்டோம். ‘உங்க ஊர்ல என்ன பாட்டு இருக்கு?’ என்று அவர் கேட்ட கேள்விதான் எங்களைக் கூத்துக் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பியது.

வீட்டில் என் மனைவிக்கும் மகளுக்கும் இங்கே நன்றி என்று எழுதினால் திட்டுவார்கள். எழுதிவிட்டேன்.

மேடை நிகழ்ச்சி எப்போது என்று கேட்கிறீர்கள். ஆடி மாதம் முழுக்கப் பம்பை அண்ணனுக்கும் பறைத் தம்பிகளுக்கும் கோயில் வேலை இருக்கிறது. அவர்கள் இல்லாமல் நான் பாடுவதாக இல்லை. ஆவணியில் முதல் நிகழ்ச்சி, பாலக்கோட்டு அக்கா வீட்டுக் களத்தில். டிக்கெட் கிடையாது. பாப்பாரப்பட்டிப் பாட்டியும் கூத்து வாத்தியார் ஐயாவும் வருகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எத்தனை பேருக்குக் களி கிண்ட வேண்டும் என்று அக்கா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் பாட்டுக்காரன்
பென்னாகரம்